தேனும் எலுமிச்சையும்

கோடைக் காலத்து நண்பகலில் ஒருவர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால், நாம் அவரை முதலில் வினவுவது, "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்பதே. உணவு பின்னர், உரையாடல் அதற்கும் பின்னர். நீர்வேட்கையைத் தணிப்பதே முதற்கடமை என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. வழிநடப்போர்க்காகச் சாலையோரங்களில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தல் தமிழ்நாட்டின் பழைய அறங்களுள் ஒன்று. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. இன்றும் பங்குனி, சித்திரைத் திங்கள்களில் பந்தலிட்டு நீர்மோரும் பானகமும் வழங்குவோர் பல ஊர்களில் உளர்.

இத்தகைய நாட்டில் அண்மைக் காலத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்து வருகின்றது. அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரைத் திங்களில், தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நான் சென்றிருந்தேன். அவ்வூர் புளியங்குடிக்கு அணித்தே உள்ளது. அப்பகுதி எலுமிச்சைக்குப் பெயர்பெற்றது. புளியங்குடிச் சந்தையிலிருந்து எலுமிச்சம்பழம் மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குச் செல்லும். நான் சென்ற வீட்டின் கொல்லையிலும் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. இலைகளுக்கிடையே பழங்கள் மஞ்சள் நிறம் கொண்டு தொங்கின. உதிர்ந்தவை நிலத்தில் கிடந்தன.

வீட்டுத் தலைவர் என்னை அன்புடன் வரவேற்றுத் திண்ணையில் அமர்த்தினார். பின்னர்த் தம் மகனை அழைத்து, அவன் கையில் பணம் கொடுத்து, மெல்ல ஏதோ கூறினார். சிறுவன் வெயிலில் ஓடினான். கால்மணி நேரம் கழிந்தபின், முகம் சிவக்க, வியர்வை சொட்ட, வண்ணப் பானம் அடைத்த குப்பி ஒன்றுடன் திரும்பி வந்தான்.

"மரம் நிறையப் பழம் இருக்கும்போது, இந்த வெயிலில் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப வேண்டுமா?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நாணத்துடன், "எலுமிச்சம்பழத் தண்ணீர் நாங்கள் குடிப்பது, ஐயா. வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தால் நன்றாக இருக்குமா?" என்றார்.

உள்ளே இருந்த அவர் தாயார் இதனைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் கொல்லைக்குச் சென்றார். நான்கு பழங்களைப் பறித்து வந்தார். சற்று நேரத்தில் தேன் கலந்த எலுமிச்சைச் சாற்றை எங்கள் அனைவர்க்கும் கொணர்ந்து கொடுத்தார். மண்பானை நீரின் குளிர்ச்சியும், பழத்தின் புளிப்பும், தேனின் மணமும் கூடியிருந்த அந்தப் பானத்தின் சுவை இன்றும் என் நினைவில் உள்ளது. சிறுவன் அதனையும் குடித்தான். குப்பியில் இருந்ததையும் குடித்தான். வெயிலில் ஓடியவன் அவன் அல்லனோ!

"நாங்கள் குடிப்பது" என்ற அச்சொல் மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. தம் மரத்தில் விளைந்து, தம் கையால் ஆக்கப்படுவது விருந்தினர்க்குத் தகாது என்றும், எங்கோ ஆக்கிக் குப்பியில் அடைத்து வருவதே மதிப்புடையது என்றும் அவர் எண்ணினார். அவர் அன்பிற் குறைந்தவர் அல்லர். அவர் குறைவாக மதிப்பிட்டது தம் வீட்டையே. இவ்வெண்ணம் இன்று நம்முள் பலர்க்கு உண்டு. இது தவறானது என்பதே என் கருத்து. எளிய வீட்டுப் பானம் நாணத்திற்கு உரியதன்று. அது நம் அறிவுக்கும் அன்புக்கும் சான்றாவது. அதனை ஆக்கும் முறையை ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மாணவரும் கற்றிருத்தல் வேண்டும்.

முதலில் எலுமிச்சையின் சிறப்பைக் காண்போம். எலுமிச்சை, நாரத்தை, கிடாரங்காய், சாத்துக்குடி, ஆரஞ்சு ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய பகுதிகளில் தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவியது என்பர் அறிஞர். இன்று நாம் காசு கொடுத்து வாங்கத் தயங்கும் இப்பழத்துக்காக ஏங்கி உயிர் விட்டோர் பல்லாயிரவர் என்று சொன்னால் உங்களுக்கு வியப்புத் தோன்றும். ஆயினும் அது வரலாற்று உண்மை.

முற்காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் பல திங்கள் கரை காணாது கடலில் சென்றனர். உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே அவர்தம் உணவு. பசுங்காயும் பழமும் இன்மையால் ஸ்கர்வி என்னும் நோய் அவர்களைப் பற்றியது. ஈறு வீங்கிக் குருதி கசிந்தது, பற்கள் ஆடின, ஆறிய புண்ணும் மீண்டும் திறந்தது, உடல் தளர்ந்து பலர் மாண்டனர். 1747-ஆம் ஆண்டில் சாலிசுபரி என்னும் போர்க்கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்டு என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒரே வகையான நோய்க்குறிகள் கொண்ட 12 மாலுமிகளைத் தேர்ந்தார்; இருவர் இருவராகப் பிரித்தார். ஓரிணைக்குக் காடி கொடுத்தார். மற்றோரிணைக்குக் கடல்நீர் கொடுத்தார். இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொன்றைத் தந்தார். ஓரிணைக்கு மட்டும் நாள்தோறும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் ஒரு பெரிய எலுமிச்சம்பழமும் கிடைத்தன. ஆறே நாளில் பழங்கள் தீர்ந்துவிட்டன. எனினும் அவ்விருவருமே மற்றவரினும் விரைந்து நலம் பெற்றனர்.

கண்ட உண்மை கைக்கொள்ளப்பட நெடுங்காலம் ஆயிற்று. லிண்டு 1794-இல் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டிலேதான், தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க வேண்டும் என்று ஆங்கிலக் கடற்படை முடிவு செய்தது. பழத்தில் இருந்து நோயை நீக்கியது 'வைட்டமின் சி' என்னும் உயிர்ச்சத்து என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் செண்ட் ஜியார்ஜிக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது. இச்சத்து எலுமிச்சைக்கு மட்டும் உரியதன்று. கொய்யாவிலும் நெல்லிக்கனியிலும் இதனினும் மிகுதியாக உண்டு. ஆயினும் ஆண்டு முழுவதும் எளிதிற் கிடைப்பதும், நீரொடு கலந்து பருகத் தகுவதும் எலுமிச்சையின் தனிச் சிறப்புகள்.

இனித் தேனைப் பற்றிக் கூறுவேன். பழம் மரம் தருவது. தேனோ ஓர் உயிர்க்கூட்டம் உழைத்துத் தருவது. மலர்களில் ஊறும் இனிய நீரைத் தேனீ உறிஞ்சித் தன் வயிற்றுப் பையில் கொண்டுவருகின்றது. அந்நீரைக் கூட்டிலுள்ள தேனீக்கள் ஒன்றன் வாயிலிருந்து ஒன்று வாங்கிப் பக்குவம் செய்து அறைகளில் நிரப்புகின்றன. பின்னர்ச் சிறகுகளை விசிறி, அதிலுள்ள நீரை வற்றச் செய்கின்றன. நூற்றில் இருபது பங்கிற்கும் குறைவாக நீர் வற்றிய பின்னரே அது தேனாகின்றது. அறைக்கு மெழுகு மூடியும் இடப்படுகின்றது. ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுவதும் உழைத்து ஆக்கும் தேன், ஒரு தேக்கரண்டியிற் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே என்று கணக்கிடுவர். அங்ஙனமாயின், நாம் ஒரு குவளை நீரில் கலக்கும் இரண்டு தேக்கரண்டித் தேன், இருபத்து நான்கு தேனீக்களின் வாழ்நாள் உழைப்பு அன்றோ?

தமிழ்நாட்டில் தேனுக்குப் பெயர்பெற்ற ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கே வீடுதோறும் தோட்டந்தோறும் தேனீப் பெட்டிகளைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்னும் பாதிரியார், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற மரப்பெட்டியை அமைத்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அப்பகுதியில் ரப்பர் மரங்கள் மிகுதி. அம்மரங்கள் இலையுதிர்த்துத் தை, மாசித் திங்கள்களில் புதிதாகத் துளிர்க்கும்போது, இளவிலைக் காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் ஊறும். தேனீக்கள் அதனைச் சேர்த்துத் தேனாக்குகின்றன. ஆகவே, மார்த்தாண்டத்துத் தேனிற் பெரும்பகுதி மலர் தந்ததன்று, தளிர் தந்தது! 1990-களின் தொடக்கத்தில், தேனீயின் புழுக்களைக் கொல்லும் கொடிய நோய் ஒன்று தென்னிந்தியாவிற் பரவிப் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. தேனீ வளர்ப்போர் மனம் தளரவில்லை. எஞ்சிய கூட்டங்களைப் பேணிப் பிரித்துப் பெருக்கினர், தொழிலை மீட்டனர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்விரு பொருள்களையும் சேர்த்துப் பானம் ஆக்கும் முறை மிக எளியது. எளியது என்பதற்காகக் கவனமின்றிச் செய்தல் ஆகாது. கைகளையும் பழத்தையும் முதலில் கழுவுக. காய்ச்சி ஆறவைத்து, மண்பானையில் ஊற்றிக் குளிர்ந்த நீரை எடுத்துக்கொள்க. ஒருவர்க்கு ஒரு குவளை நீரும், சாறு நிறைந்த எலுமிச்சம்பழத்தில் அரைப் பழமும், இரண்டு தேக்கரண்டித் தேனும், ஒரு சிட்டிகை உப்பும் போதும். தேன் குளிர்ந்த நீரில் எளிதிற் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆதலின், அதனைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் முன்னரே கரைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும் நீர் வேண்டா. அது தேனின் மணத்தைக் கெடுக்கும்.

பழத்தை அறுப்பதற்கு முன், பலகை மீது வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு நன்றாக இறங்கும். பிழியும்போது தோல் நசுங்கும்வரை பிழிதல் கூடாது. தோலின் கசப்பும் சாற்றோடு இறங்கிவிடும். விதைகளையும் வடிகட்டி நீக்குக. அவை சாற்றில் ஊறினாலும் கசக்கும். கரைத்த தேனையும் சாற்றையும் உப்பையும் குளிர்நீரில் கலக்குக. இரண்டு புதினா இலைகளைக் கசக்கி இடலாம். சிறு துண்டு இஞ்சியைத் தட்டியும் சேர்க்கலாம். கண்ணாடி, மண், எவர்சில்வர் ஆகிய கலங்களே இதற்கு ஏற்றவை. பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றிற் புளிப்பு வினைப்பட்டு உலோகம் பானத்திற் கலக்கும். சாறு நெடுநேரம் காற்றுப்படக் கிடந்தால் அதன் உயிர்ச்சத்துக் குறையும், சுவையும் மாறும். ஆகவே, வேண்டும்போது வேண்டிய அளவே ஆக்கி உடனே பருகுதல் நன்று.

இப்பானத்தின் நன்மையைக் கூறும்போது மிகைப்படுத்தலும் ஆகாது. தேனும் எலுமிச்சையும் உடற்கொழுப்பைக் கரைத்துவிடும் என்றும், எல்லா நோயையும் தீர்க்கும் என்றும் கூறுவோர் உளர். அவற்றுக்குத் தக்க சான்று இல்லை. இது நீர்வேட்கை தணிக்கும் பானம், மருந்தன்று. வயிற்றுப்போக்கு உற்றவர்க்கு மருத்துவர் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு இது ஈடாகாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனைத் துளியும் தருதல் கூடாது. தேனில் அரிதாகத் தங்கியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர் அக்குழந்தையின் உயிர்க்கே ஊறு செய்யலாம். நீரிழிவு நோயுடையோர்க்குத் தேனும் சர்க்கரை போன்றதே. உண்மையான நன்மை உள்ள பொருளுக்குப் பொய்ப் புகழ் எதற்கு?

அவ்வாறாயின் குப்பிப் பானத்தினும் இது எவ்வகையிற் சிறந்தது என நீங்கள் வினவலாம். விடை கூறுவேன். இதில் அளவு நம் கையில் உள்ளது. கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லிலிட்டர் குப்பியொன்றைக் குடித்தால் 30 கிராம் சர்க்கரை நம் உடலிற் சேரும். அது ஆறு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு நிகர். உணவில் இயல்பாக அமைந்ததற்கு மேல் நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குவது நன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. தேனில் உள்ள சர்க்கரையும் அக்கணக்கிற் சேரும். இரண்டு தேக்கரண்டித் தேனில் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 12 கிராம். அதுவும் மிகுதி எனக் கருதுவோர் ஒரு கரண்டியாகக் குறைத்துக்கொள்ளலாம். குப்பியில் அடைத்தவர் வகுத்த அளவை நாம் மாற்றல் இயலாது. நாம் வகுக்கும் அளவை நாமே மாற்றலாம். உரிமை என்பது பெரிய செயல்களில் மட்டும் உள்ளதன்று. ஒரு குவளை நீரிலும் உண்டு.

"எங்களுக்கு நேரம் இல்லை" என்பர் சிலர். கடைக்குச் சென்று திரும்பும் நேரத்திற் பாதி போதும், இப்பானத்தை ஆக்க. "தேன் விலை மிகுதி" என்பர் வேறு சிலர். அது மெய்யே. தேன் இல்லாவிடின் வெல்லம் உண்டு, கருப்பட்டி உண்டு. அவற்றைக் கரைத்து எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் சேர்த்தால் பானகம் ஆகும். வெறும் உப்பிட்ட எலுமிச்சை நீரும் நல்லதே. நல்ல நீர் கிடைக்காத வழிப்பயணத்திற் குப்பியை நாடுவதையும் நான் குற்றம் கூறேன். வீட்டில் எல்லாம் இருக்க, அதனை இழிவெனக் கருதி வெளியே ஓடுவதையே குறை கூறுகின்றேன்.

இன்னும் ஒன்று கருதத் தக்கது. கையால் ஆக்குவோர், தாம் வாங்கும் பொருள் எத்தகையது என்று அறிய விரும்புவர். தேனிற் சர்க்கரைப் பாகைக் கலந்து விற்கும் தீமை நாட்டில் உண்டு. தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனைச் சோதிக்கச் செய்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. நீரில் துளியாக விட்டுப் பார்த்தலும், எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருத்தலும் தேனின் தூய்மையைக் காட்டமாட்டா. தேன் உறைந்து மணல்மணலாக ஆனால் அது கலப்படம் என்று எண்ணுவதும் தவறு. தூய தேனும் உறையும். வளர்ப்பவரை அறிந்து, அவரிடமோ அவர்தம் கூட்டுறவுச் சங்கத்திடமோ வாங்குதல் ஒரு நல்ல வழி. போலித் தேன் மலிவாக விற்கும்போது, உண்மையாகத் தேனீ வளர்ப்பவரே முதலில் இழப்படைகின்றார். அவர் பெட்டிகளை மூடிவிட்டால், தேன் மட்டுமா குறையும்? தேனீக்கள் மகரந்தம் சேர்க்கும் தோட்டங்களிலும் வயல்களிலும் விளைவு குறையும். ஆகவே, நாம் ஒரு கரண்டித் தேனை ஆராய்ந்து வாங்குவது, எங்கோ ஒரு தோட்டத்தை வாழச் செய்வதாகும்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தின் சிறப்பு, கொடுக்கும் பொருளின் விலையில் இல்லை. கொடுப்பவர் முகத்திலும் மனத்திலும் உள்ளது. கடையில் வாங்கிய குப்பி நம் பணத்தைக் காட்டும். கையால் பிழிந்த ஒரு குவளைச் சாறு, "உமக்காகச் சிறிது நேரம் செலவிட்டேன்" என்று சொல்லும். வந்தவர்க்கு இவற்றுள் எது இனிக்கும்?

மாணவர்களே! வரும் விடுமுறை நாளில், வெயிலில் உழைத்து வீடு திரும்பும் உங்கள் தாய்க்கோ தந்தைக்கோ இப்பானத்தை நீங்களே ஆக்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வரும்போதும் தயங்காமல் இதனையே கொடுங்கள். "இது நாங்கள் குடிப்பது" என்று நாணத்துடன் சொல்லாதீர்கள். அதே சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். தாம் குடிப்பதையே பிறர்க்கும் கொடுப்பதைக் காட்டிலும் மேலான விருந்து வேறு யாது?